பதினைந்து குதிரை

அறுநூறு வெள்ளிக் கடனுக்கு
மச்சான் இன்னாசி இறக்கிவிட்டுப் போனது.
இரண்டு சிலிண்டர், பதினைந்து குதிரை.
"கயித்தை இழு, பிடிச்சிக்கும்" என்றான்.
இழுத்தேன்.
மூன்று வருஷமாக இழுக்கிறேன்.
அவனோடு பேசி அதே மூன்று வருஷம்.

நான் செம்பனை ஆலையில் பாய்லர்க்காரன்.
தீ என் சொல் கேட்கும் என்று ஒரு திமிர்.
ஊத்தான் மெலிந்தாங் பட்டணத்தில்
ஆ செங் கடையில் பிளக் வாங்கினேன், இரண்டு.
அடுத்த சம்பளத்தில் கோயில்.
கோயில் என்றால் கும்பிடுகிற கோயில் இல்லை,
செம்புக் கம்பி சுற்றிய கட்டி, எண்பது வெள்ளி.
பிலோமினா கணக்கு எழுதிக்கொண்டே வந்தாள்:
"எங்கண்ணன் கடனைத் தீர்க்க
இன்னும் எவ்வளவு கடன் வாங்குவீங்க?"

நேற்று லயத்தில் கரண்ட் போனது.
நல்லதாகப் போயிற்று, பொறி பார்க்க இருட்டு வேண்டும்.
பறக்கும் சக்கரத்தைக் கழற்றினேன்.
பாயின்ட் இரண்டும் ஆற்று உப்பில் பச்சை பூத்திருந்தன.
தேய்த்துத் துடைக்கத் தடித்த அட்டை தேவை;
அலமாரியில் இன்னாசி மகள் கல்யாணப் பத்திரிகை.
நாங்கள் போகாத கல்யாணம்.
மாப்பிள்ளை பெயர் இருந்த ஓரத்தைக் கிழித்தேன்,
ஸ்பிரிட்டில் நனைத்து நடுவே விட்டு இழுத்தேன்.
இடைவெளி அளக்கவும் அதே அட்டை.
சரியாக நுழைந்தது.

சக்கரத்தை மாட்டி,
பிளக்கை இஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடித்து
இழுத்தேன்.
இருட்டு.
கம்பியை விரலால் தொட்டும் இழுத்தேன்.
ஷாக்கூட அடிக்கவில்லை,
அவமானமாக இருந்தது.

பிறகுதான் டார்ச்சை முன்பக்கம் திருப்பினேன்.
சிவப்புப் பொத்தான்.
இஞ்சினை அணைக்கிற பொத்தான்.
உள்ளே போனது போனபடி, துருவேறி, வெளியே வராமல்.
யார் கட்டைவிரலும் அதன்மேல் இல்லை.
ஆனால் மூன்று வருஷமாக
நில், நில் என்று
அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
பிறந்த பொறியெல்லாம் அந்தக் கம்பி வழி
இரும்பில் இறங்கிச் செத்திருக்கிறது.

இரண்டு கம்பியையும் பிடுங்கினேன்.
ஒரே இழு.
டிக்.
நீலம்.
பிலோமினா வாசலில் நின்று
"இன்னொரு வாட்டி" என்றாள்.

விடிகாலை ஏற்றத்தில் படகை இறக்கினோம்.
பெர்ணம் ஆறு தேயிலைச் சாயத்தில் கனத்துக் கிடந்தது.
எண்ணெய்ப் புகை, நீப்பா ஓலை, அக்கரை.
எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை.
அவன் ஜெட்டி தெரிந்ததும்தான் உறைத்தது,
பொத்தானைப் பிடுங்கிவிட்டேனே,
இதை எப்படி நிறுத்துவது?
சோக்கை முழுக்க இழுத்தேன்.
இருமி, இருமி,
பலகையில் முட்டித்தான் அடங்கியது.

கைலியோடு ஓடி வந்த இன்னாசி
என் முகத்தைப் பார்க்கவில்லை.
மோட்டாரைப் பார்த்தான்.
"பிளக் மாத்தினியா?"

"இல்ல" என்றேன்.
அறுநூறோடு கோயில் எண்பது, பிளக் இருபத்திநாலு.
பிறகு சொல்லிக்கொள்ளலாம்.
கயிற்றை அவன் பக்கம் எறிந்தேன்,
கட்டட்டும்.