லேபிள் எழுதுகிறவருக்கு

ஹாம்பர்க்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்,
மணத்தை மூன்று சொல்லில் தரும்படி.

அன்னாசி என்று போட்டுக்கொள்ளுங்கள்.
இந்த ஆலையைச் சுற்றி நாலு மைலுக்கு
அன்னாசி கிடையாது.
கரும்பு, சுண்ணாம்புப் பாறை, மழை,
கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி.

குழியை உங்களுக்குக் காட்டமாட்டார்கள்.
வடித்து முடித்த பானையின் அடிக்கசடு,
சக்கை, போன வருஷத்து நுரை
எல்லாம் அதில்தான் கிடந்து ஊறுகிறது.
பலகையைத் தூக்கினால்
ரான்ஸ்ஃபோர்டே, பன்றி வளர்க்கிறவன்,
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
அதில் சில வாளி
மொலாசஸ் தொட்டிக்குள் போகும்.
ஈஸ்ட் நாங்கள் வாங்குவதில்லை.
உத்தரத்திலும் மர விரிசலிலும் குடியிருப்பது
தானே இறங்கி வரும்.
இழவு வீட்டின் ஒன்பதாம் இரவுக்கு
ஜமைக்காவில் யாரும் யாரையும் அழைப்பதில்லை.
ஊரே வந்துவிடும்.

என் பெயர் வின்னெட் கிரிஸல்.
பதினெட்டு வருஷமாய்த்
தலையையும் வாலையும் ஒதுக்கி
நெஞ்சை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புகிறேன்.
ஒரு சொட்டு குடித்ததில்லை.
எங்கள் சபையில் குடி விலக்கு,
சனிக்கிழமை வேலையும் விலக்கு.
உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பேன்:
முதலில் நகப்பூச்சு,
அடுத்து தோல் கறுத்த வாழைப்பழம்,
கடைசியில் ஈரச் செருப்பு.
செருப்பு வருமுன் குழாயைத் திருப்பவேண்டும்.
அவ்வளவுதான் என் படிப்பு.

நீங்கள் கேட்கிற ஏழாம் தொட்டி
யாரும் திட்டமிட்டதல்ல.
பதினாலாம் நாள் வடித்திருக்கவேண்டும்.
அன்று வெள்ளிக்கிழமை.
பொழுது சாயுமுன் நான் கிளம்பிவிட்டேன்.
மாற்று ஆள் எகர்ட்டன் வந்த பஸ்
பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது.
ராத்திரியே ஆறு ஏறி
என் பக்கத்துச் சாலையையும் தின்றுவிட்டது.
சபையில் உட்கார்ந்து தொட்டியையே நினைத்தேன்.
அதையும் பாவக்கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால்
கொதிப்பு அடங்கி, மேலே
பாலாடை மாதிரி ஒரு படலம்.
கால்வாயில் திறந்துவிடு என்றார் மேனேஜர்.
மீன் செத்துப்போகும் என்றேன்.
மீன்மேல் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை.

வடித்தோம்.
முதலில் வந்தது பசை நாற்றம், கண் எரிந்தது.
அப்புறம், விடியற்காலை மூன்றரை இருக்கும்,
ரான்ஸ்ஃபோர்ட் வாசலில் நின்று
யார் இங்கே அன்னாசி அறுத்தது என்றான்.

மிச்சம் பீப்பாயின் வேலை.
கென்டக்கியில் விஸ்கி குடித்துவிட்டு வந்த பழைய மரம்.
இந்த வெயிலில் வருஷத்துக்கு
நூற்றில் ஆறு பங்கு காற்றோடு போகிறது.
தேவதூதர் பங்கு என்பீர்களாம்.
எங்கள் பாஸ்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

மூன்று சொல் கேட்டீர்கள்.
குழி, வெள்ளம், வெள்ளிக்கிழமை.
விற்காது என்றால் அன்னாசியே இருக்கட்டும்.
என் பெயர் மட்டும் வேண்டாம்.
போட்டே ஆகவேண்டுமானால் பொடி எழுத்தில் போடுங்கள்,
சபையில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம்.