சலவைக்கடைக் கூரை

முதல் தடவை வந்தபோது
நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்டுவந்தீர்கள்,
டாக்டர் ஹால்வர்சன்.
எல்லாம் ஸ்பானிஷில்.
எங்கள் தெருவில் பாதி வீடுகள்
சண்டை போடுவதும் சமாதானமாவதும் மிஷ்டெக் மொழியில்.
வீட்டில் பூனை உண்டா என்றது தாள்.
கம்பளம் உண்டா, புகைப்பவர் உண்டா.
இல்லை இல்லை இல்லை என்று
கட்டம் கட்டமாய்க் குறி போட்டுக் கொடுத்தோம்.
ஆளுக்குப் பத்து டாலர் கூப்பன் தந்தீர்கள்.
அது செல்லுபடியாகும் கடை
இருபத்திரண்டு மைல் தள்ளி.

அப்புறம் இரண்டு வருடம் ஆளையே காணோம்.

அதற்குள் எலியாசருக்கு
மூன்று முறை ஆம்புலன்ஸ்.
அவன் பள்ளியில் காற்றுக்கென்று ஒரு கொடிக்கம்பம்.
பச்சை ஏறினால் ஓடலாம்,
சிவப்பு ஏறினால் வகுப்புக்குள்ளேயே.
பச்சை பறந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான்
என் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.
கொடிக்குச் சேதி சொல்லும் பெட்டி
மாவட்டத் தலைநகரில்
நீதிமன்ற மாடியில், மரநிழலில்
சொகுசாய் உட்கார்ந்திருந்தது.
அது இழுத்த மூச்சு வேறு,
இவன் இழுத்த மூச்சு வேறு.

இரண்டாம் தடவை நீங்கள் வந்தபோது
புதுத் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டேன்:
பழைய தாளெல்லாம் எங்கே?

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள்.
உங்கள் மாணவி பா ஹுவாதான்
கணினியைத் திறந்து கடைசிப் பத்திக்குப் போனாள்.
'பிற குறிப்புகள்.'
முப்பத்தொரு பெண்கள், ஒரே வாக்கியம்:
இரவு இரண்டு மணிக்கு இருமல்.
எண்ணாக இல்லாததால்
யாரும் அதைக் கூட்டவில்லை.

இரண்டு மணிக்குத்தான்
திராட்சைக் கிடங்கின் வாசலில்
குளிர்சாதன லாரிகள் வரிசை கட்டும்.
எஞ்சினை அணைக்க மாட்டார்கள்,
பழம் வாடிவிடுமாம்.

பெட்டியைப் பள்ளிக்கூரையில் வைக்கலாம் என்றீர்கள்,
திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதென்று.
ரெஃபூஹியோவின் சலவைக்கடையில் வையுங்கள் என்றோம்.
ஊர் முழுக்க அழுக்கோடு வந்து
முக்கால் மணி நேரம் சும்மா உட்காரும் இடம்
வேறெது?
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
உங்களுக்குக் கால் நடுங்கியது,
பார்க்காததுபோல் இருந்தேன்.

ஏழாம் எண் உலர்த்தி பக்கத்துச் சுவரில்
வாரா வாரம் வரைபடம் ஒட்டினாள் பா ஹுவா.
துணி காயும்வரை
பென்சிலால் வட்டம் போட்டோம்.
இரண்டு மணி. இரண்டு மணி. இரண்டேகால்.
பிறகு அதைச் சுவரோடு பெயர்க்காத குறையாக
ஆணையர்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போனோம்.

கட்டுரை வெளிவந்தது.
பதினொரு பெயர்களில் பதினோராவது என்னுடையது,
யூஃப்ரோசினாவில் ஓர் எழுத்து குறைவாய்.
பரவாயில்லை.
லாரிகள் போயின.
இந்த மார்ச்சில் எலியாசர் ஆஸ்பத்திரி பார்க்கவில்லை.
நீங்கள் கேக் வாங்கி வந்திருக்கிறீர்கள்,
மேலே க்ரீமில் ஒரு நுரையீரல்.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்று.
போன லாரிகள் ஆவியாகிவிடவில்லை.
ஆறு மைல் தெற்கே
என் நாத்தனார் ஒடிலியாவின் தெருவில் நிற்கின்றன.
நேற்று போன் செய்தாள், சின்னவள் இருமுகிறாளாம்.
எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.
சொன்னாள்.

அங்கே சலவைக்கடை கிடையாது, டாக்டர்.
தேவாலயக் கூரைதான்.
தகரம், பனியில் வழுக்கும்.
கேக்கை மூடி வையுங்கள்.
ஏணி என்னிடம் இருக்கிறது,
உங்களிடம் வண்டி.