மைனஸ் எண்பது

பின்னிரவு இரண்டே காலுக்குக் கைப்பேசி கத்தியது.
ஆறாம் எண் உறைபெட்டி. மைனஸ் எழுபத்தொன்று.
ஏறிக்கொண்டிருக்கிறது.

இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு
சைக்கிளை மிதித்தேன்.
ஊலு நகரமே கண்ணாடியாகிக் கிடந்தது.
மூக்கு மயிர் உறைந்து குத்தியது.
மைனஸ் இருபத்தெட்டு.
இந்தக் குளிரும் போதாது அவற்றுக்கு.

சாவிக்கொத்தோடு நின்றிருந்தார் உர்ஹோ,
கட்டடத்தின் இரவுக் காவலர்.
"எதை முதலில் எடுக்க, ஹெல்கா?"

ஒரு புரதம் எங்கே மடிகிறது, எங்கே மடிய மறுக்கிறது,
ஒற்றை எழுத்துப் பிழை
ஒரு குடலை எப்படித் தின்று தீர்க்கிறது என்று
தேர்வில் நாலு பக்கம் எழுதுவேன்.
இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வந்ததில்லை.
"மேல்தட்டு" என்றேன்.
கைக்கு எட்டியது அதுதான்.

உலர்பனி புகைந்தது. நான் வாசிக்க
அவர் பட்டியலில் கோடிட்டார்.
இருநூற்று நாலு, கட்டி.
இருநூற்று நாலு, கட்டியை ஒட்டிய நல்ல திசு.
இருநூற்று ஐந்து, கட்டி.
இருநூற்று ஐந்து,
"எத்தனை பேர் இதில்?"
"முந்நூற்றுப் பன்னிரண்டு."
"ஒன்று நானாக இருக்கலாம்."

நாலு வருடம் முன்பு, மயக்கம் முழுதாகத் தெளியுமுன்,
கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்தாம்.
சட்டையைத் தூக்கவில்லை.
இடுப்புக்கு மேலே இடப்பக்கம்
இரண்டு தட்டுத் தட்டினார்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்பதுபோல.

எண்ணுக்குரிய பெயர்
வேறு கட்டடத்தில், வேறொருவர் பூட்டில் இருக்கிறது.
எனக்குத் தெரியாது என்றேன்.
தெரியக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்,
விதியை ஒப்பிக்கும் குரலில்.
தலையாட்டினார். "சரிதான். வாசி."

வாசித்தேன், கொஞ்சம் மெதுவாக.
போன வியாழன்தான்
பத்தொன்பது மாதிரிகளுக்கு நேரே
'தரமில்லை' என்று குறித்து
ஆய்விலிருந்து நீக்கியிருந்தேன்.
அப்போது சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன் என்பது
ஏனோ இப்போது நினைவுக்கு வந்தது.
அவரிடம் சொல்லவில்லை.
அந்தப் பத்தொன்பதையும் எடுத்தேன்.
அவற்றை மட்டும்
இரண்டு கையாலும்.

ஐந்து மணிக்கு ஆறாம் எண் காலி.
வடிந்த நீரில் தரை வழுக்கியது.
உர்ஹோ காவல் பதிவேட்டைத் திறந்து
பேனாவை உதறி உதறி எழுதினார்:
உறைபெட்டி பழுது. அனைவரும் இடமாற்றம்.
உயிர்ச்சேதம் இல்லை.

தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.
'அனைத்தும்' என்றிருக்க வேண்டும்.
திருத்தவில்லை.