பொருந்தாது

முப்பத்தெட்டுக் கேள்விகள்.
எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒரு கல்லூரிக்காக எழுதியவை.
களியக்காவிளைக்கு வந்து சேர்ந்தபோது
ஒன்றுக்கும் வாய் இல்லை.
மெழுகில் பல் அடுக்குவதுபோல
கடி சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்து
நான்தான் தமிழ் வைத்தேன்.

மூலத்தைப் பார்க்காத ஒருவர்
அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். அதுதான் முறை.
பாறசாலை அம்பிளி டீச்சர் ஒத்துக்கொண்டார்.
கோழி லாரிக்கும் வாழைக்குலை டெம்போவுக்கும் இடையே
சோதனைச்சாவடி தாண்டிப் போயின
ஸ்கூட்டர் டிக்கியில் என் தாள்கள்.

'மன அழுத்தம்' என்று நான் எழுதிய இடமெல்லாம்
டிப்ரெஷன் என்று திரும்பி வந்தது.
ஐந்து மைல் போய்வந்ததில்
கல்லூரி முழுக்க நோயாளி.

'இறுக்கம்' என்று மாற்றினேன்.
"தாடையிலயா மேடம்?" என்றான் முன்னோட்டத்தில் ஒருவன்,
உண்மையாகவே கேட்டான்.
'உளைச்சல்' என்றால் காலைத் தடவிக் காட்டினாள் இன்னொருத்தி.

வார்த்தை ஆறாம் நாற்காலியில் கிடைத்தது.
பல் எடுக்க வந்த அம்மா
கைப்பிடியை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:
"ஒரே வெப்ராளமா இருக்கு பிள்ளே."
ஊசியைப் பிடித்திருந்த மூன்றாம் வருடத்துப் பெண்,
"எனக்கும்தான்."

வெப்ராளம்.
அம்பிளி டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"இவிடேயும் அது தன்னே" என்றார்.
அந்த ஒரு வார்த்தையை மட்டும்
எந்தச் சாவடியிலும் யாரும் நிறுத்துவதில்லை.

கமிட்டி நிறுத்தியது.
"கோயம்புத்தூரில் புரியாதும்மா.
நாளைக்கு யாரோடு ஒப்பிடுவாய்?"
ஹரீந்திரன் சார் சொன்னதில் பிழை இல்லை.
வெள்ளை மை வைத்து அழித்தேன்.
'மன உளைச்சல்' என்றே அச்சானது.

வெள்ளிக்கிழமை, சோற்றுக்குப் பிறகு,
மூன்றாம் ஹாலில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நகக்கண்ணில் பிளாஸ்டர், சட்டையில் கிராம்பெண்ணெய் வாசம்.
பூஜ்யம் முதல் நான்கு வரை கட்டங்கள்.
ஓரமாக ஐந்தாவதுக்கும் ஒன்று: பொருந்தாது.
பெயர் எழுதாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அறுபத்தொன்றாம் தாள். இறுதியாண்டு.
இருபத்து மூன்றாம் கேள்வி:
'தேவையான நோயாளிகள் கிடைக்காமல் போவது.'
எந்தக் கட்டத்திலும் பேனா படவில்லை.
ஓரத்தில் பென்சிலில், பொடி எழுத்தில்:

கிடைச்சாரு. முழு செட்டுக்கு ஆளு இல்லேண்ணு
வீட்டுல சும்மா சொன்னேன்.
அப்பாக்கு கீழ நாலு பல்லு மிச்சம் உண்டு. ஆடாத பல்லு.
அடுத்த திங்கக்கிழம பால்வெட்டு முடிச்சிட்டு
ஓ.பி. சீட்டு எடுத்து வந்து இருந்தாரு.
நான் எடுக்கல்ல. வேற பேட்சுல எடுத்தாங்க.
செட்டு நான்தான் செஞ்சேன். நல்ல மார்க்.
இப்ப அவரு சிரிச்சா என் வேலை தெரியும்.
இதுக்கு எத்தன போடணும்?

கணினியில் அதற்கு ஓர் எண் உண்டு.
ஒன்பது: விடை இல்லை.
போட்டேன்.
போட்ட பிறகு ரொம்ப நேரம்
கர்சர் அந்த ஒன்பதின் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

நம்பகத்தன்மை எண்பத்தேழு சதம்.
ஹரீந்திரன் சார் கைகுலுக்கினார்.
நானோ ஓ.பி. வரிசையைக் கடக்கும்போதெல்லாம்
பால்கறை விரல்களைத் தேடினேன்,
பிறகு அந்த முகங்களின் வாயை,
பிறகு, வாக்குக் கொடுத்தது நினைவு வந்து, தரையை.

தாள் எண்ணை மறைத்து
அந்த ஓரக்குறிப்பை மட்டும் எழுதி
பாறசாலைக்கு அனுப்பினேன்.
ஆங்கிலத்தில் எப்படி வரும் என்று பார்க்கத்தான்,
அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் பதில் இல்லை.
ஐந்தாம் நாள் ஃபோன். பின்னால் கோழி லாரியின் ஹாரன்.
டீச்சர் மொழிபெயர்க்கவில்லை.
ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஆ அச்சனுக்கு
செட்டு பொருந்தியோ?"