கச்சானில் அடைத்தது

அரியமான் சவுக்குத் தோப்பில்
சனி ஞாயிறு போர் நடக்கும்.
தலைக்கு நானூறு ரூபாய், ஐம்பது சாயக்குண்டு.
சாயம் பட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு
சர்பத் வண்டிப் பக்கம் வந்துவிட வேண்டும்.

எனக்குப் போரில் வேலையில்லை.
துப்பாக்கிக்கும் சிலிண்டருக்கும் நடுவில்
கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு,
அடாப்டர்,
அதுதான் என் பாடு.

சிலிண்டர் கழுத்தில் ஓர் ஊசி.
நுனி மட்டும் வெளியே, முளைக்கிற பல் மாதிரி.
வயிற்றுக்குள் மூவாயிரமாய் நெரிபடும் காற்று
கழுத்தில் எண்ணூறாய் அடங்கி
அந்த ஊசிக்குப் பின்னால் நிற்கிறது.
மரையில் வைத்துச் சுற்றினால்
முதல் சுற்று சும்மா.
அப்புறம் ஓரிங் போய் உட்காரும்,
பிள்ளை மோதிரம் அளவு ரப்பர்.
அது உட்கார்ந்த பிறகுதான்
அடாப்டரின் முளை ஊசியை அமுக்கலாம்.
மூடிவிட்டுத் திறக்கிற கதவு.
எனக்கே விளங்க ஒரு மாதம் ஆனது.

கழற்றும்போது முதலில் நெம்பைச் சாய்க்க வேண்டும்.
முளை பின்வாங்கும், ஊசி மூடும்,
குழாயில் மாட்டிக்கொண்ட மிச்சக் காற்று
பக்கத்துளை வழியாக
உச்சுக்கொட்டிவிட்டுப் போகும்.
அந்த 'ப்ச்' கேட்காமல் கழற்றாதே என்று
பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.
கோயம்புத்தூர் கம்பெனிப் பையன் நிரஞ்சன்
பலகைக்கு முன்னால் நின்றே கழற்றினான்.
டமாரென்று ஒரு சத்தம்.
சர்பத்காரர் குனிந்துவிட்டார்.
ஓரிங் இரண்டு துண்டாக மணலில் கிடந்தது.
"பத்து ரூபாய் ரப்பர்தானே அக்கா?"
ஆமாம் தம்பி, பத்து ரூபாய்தான்.
மதுரையிலிருந்து வர நாலு நாள்.

கசிவு பார்ப்பது என் வீட்டுக்காரர் சகுபர்.
பெரியபட்டினத்தில் சங்கு குளித்தவர்.
ஒன்பது பாகத்தில் இடது காது கிழிந்தது.
வலது காதைக் கம்ப்ரசர் தின்றுவிட்டது.
சீறல் எதுவும் அவருக்குக் கேட்காது.
கீழுதட்டை நாக்கால் நனைத்து
அடாப்டர் ஓரமாக மெல்ல நகர்த்துவார்.
கசிகிற காற்று குளிரும்.
சோப்புத் தண்ணீர் குமிழி விடுமுன்
உதடு சொல்லிவிடும்.
துப்பாக்கிக்கு முத்தம் கொடுக்கிற ஆள் என்று
போனில் படம் பிடிப்பார்கள், சிரிப்பார்கள்.
அவருக்குக் கேட்காது.
எனக்குக் கேட்கும்.

சிலிண்டரில் நான் தேதி எழுதி ஒட்டுவேன்.
அவர் காற்றின் பெயரை எழுதுவார்.
வாடை. கொண்டல். சோழகம்.
உள்ளே போனபின் எல்லாம் ஒரே காற்றுதானே
என்று சண்டை போட்டிருக்கிறேன்.
பதிலாக அடுத்த சிலிண்டரில் பெரிதாக எழுதுவார்.

மார்கழியில் கொட்டகையைக் கூட்டும்போது
குண்டு மூட்டைக்குப் பின்னால் ஒன்று உருண்டு வந்தது.
தூசியைத் துடைத்தால், கச்சான்.
ஆனி மாதம் அடைத்தது.
முள் இம்மியும் இறங்கவில்லை.
ஆறு மாதம்
அந்தப் பல் நுனி ஊசி
அத்தனையையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று ஆள் வரவில்லை.
வாடை பெண்கடலைக் கிளப்பிவிட்டிருந்தது,
வள்ளம் எதுவும் போகவில்லை.
துப்பாக்கியில்லாத வெற்று அடாப்டரில்
சிலிண்டரைச் சுற்றிப் பூட்டினார்.
வடக்கே நீட்டிப் பிடித்து
நெம்பை ஒரு மயிரிழை தூக்கினார்.

தோப்புக் காகங்கள் எழுந்து போயின.
அலுமினியத்தில் பனி பூத்தது.
வாடை இந்தப் பக்கம் தள்ள
அது அந்தப் பக்கம் தள்ள
நடுவில் ஒரு சருகு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.
ஒரு முழம் தள்ளி
ஈர உதட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முள் பூஜ்யத்தைத் தொட்டதும்
என்ன என்று கையால் கேட்டேன்.

"மண்ணே இல்லை" என்றார்,
"கச்சான்தான், ஆனால் மண்ணே இல்லை!"
உப்புப்பாதை வரை கேட்டிருக்கும்.
அவருக்குக் கேட்க வேண்டுமே.