உலுக்கிப் பார்த்தல்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் தெருவில் சமதரை என்று இருப்பது
மாவு மில் வாசலில் ஒன்றரைக் கார் நீளம்.
ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது.
ஆகவே அது என்னுடையது.

மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளத்தில்
சைலன்சர் கிளாம்ப் கழன்று
மூன்று நாளாக என்னோடு சவாரி வருகிறது ஒரு சத்தம்.
மெக்கானிக் எண்ணூறு கேட்டார்.
எனக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.

சூடு ஆறும்வரை ஒரு டீ.
முதல் கியர். ஹேண்ட் பிரேக், கடைசிப் பல் வரை.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும்
காசிமேட்டில் உடைத்த விசைப்படகின் கட்டைகள்,
நீலம் இன்னும் போகாதவை.
இந்த வெயிலில் தார் இளகும்.
இட்லியில் விரல் இறங்குவதுபோல் இறங்கும் ஜாக்கி;
அதற்கும் கீழே ஒரு பலகை.

மாடியிலிருந்து ஹிலாரி:
"இன்னாக்கா, ஒரு கிளாம்ப் மாட்ட
கல்யாண மண்டபம் மாதிரி ஜோடிச்சிக்கினு கீற?
ஜாக்கியே தாங்கும்க்கா."

தாங்கும்.
எண்ணெயில் நிற்பது
எண்ணெய் கசிந்தால் உட்கார்ந்துவிடும்.
கோபத்தில் அல்ல, வஞ்சத்தில் அல்ல,
சும்மா.

எனவே ஸ்டாண்டுகள், பக்கத்துக்கு ஒன்று.
ஒரு வாரத்து எண்ணூர் சவாரிக் காசு.
ஊசியைப் பூட்டி, சட்டத்துக்கு நேர்கீழே நிறுத்தி
ஜாக்கியை மெல்லத் தளர்த்தினேன்.
முனகிக்கொண்டே இரும்பின்மேல் அமர்ந்தது வண்டி.

பிறகு உலுக்கினேன்.
ஐம்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் உரசியவனைத் தள்ளிய
அதே தோளைக் கொடுத்து, இரண்டு பக்கமும்.
விழுவதென்றால் இப்போதே விழு,
நான் வெளியே நிற்கும்போதே.

விழவில்லை.
ஸ்டெப்னியையும் ஓரமாய் உள்ளே தள்ளிவிட்டு
மல்லாந்து நகர்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் தெரு வெறும் கால்கள்.
கறிக்கடைப் பை ஒன்று சொட்டிக்கொண்டே போனது.
ஒரு பூனை என்னைப் பார்த்து
என் இடமா என்றது.

அப்போதுதான் கூட்ஸ்.
எண்ணெய் டேங்கர்கள், ஒன்றன்பின் ஒன்றாக.
முதுகுக்குக் கீழே தரை பேசத் தொடங்கியது;
தட்டில் நட்டுகள் குதித்தன;
ஜாக்கி ஒரு நூல் இறங்கியது.
முகத்துக்கு ஒரு முழம் மேலே
முழு வண்டியும் அப்படியே.
நாற்பத்தேழு வரை எண்ணினேன்.

இரண்டு ரப்பர் செருப்புகள் ஓடிவந்து நின்றன.
தலைகீழாய் ஹிலாரியின் முகம்.
"அக்கா?"
"பதிமூணு ஸ்பேனர் எடு."
எடுத்துக் கொடுத்தவன்
சந்தேகத்தோடு பானெட்டில் கைவைக்கப் போனான்.

"டேய், கையை எடு.
உலுக்குற நேரம் முடிஞ்சிடுச்சு."