பந்தி நான்கு

ஒட்டுசுட்டான் வீதியில் ஆளில்லை.
ஊரடங்கு.
பாஸ் கழுத்தில்,
காசு ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே.
எண்பத்து நாலு பேர் கேட்டார்கள்.
அறுபத்தொரு பேருக்கு வந்திருக்கிறது.
மிச்சம் இருபத்து மூன்று வீட்டின் படலையும்
எனக்குத் தெரியும்.

மரியதிரவியம் அக்கா வெளியில் வந்து நின்றா.
கடைசியாய்க் கச்சான் பிடுங்கப் போய்
முப்பத்தாறு நாள்.
"கைநாட்டு வேண்டாமக்கா,
மைப்பெட்டி தொடக் கூடாதாம்.
சும்மா ஒரு கீறு கீறுங்கோ."
பேனையை வாங்கி
முழுப்பெயரும் எழுதினா,
தகப்பன் பெயரோடு.

ஐந்து தாள். எண்ணினா.
திரும்பவும் எண்ணினா.
போன் அடித்தது:
லோன்காரப் பொடியன்.
தவணை தள்ளி வைத்ததாய் ரேடியோ சொன்னது
அவன் காதில் விழவில்லைப் போலும்.
அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு
இரண்டு தாளை மடித்து
முட்கம்பிக்கு இடையால் நீட்டினா.

அந்தப் பக்கம் கனகேந்திரனின் பெண்சாதி.
லேண்ட்மாஸ்டர் இருக்கிறதாம்,
வசதியாம்,
வெட்டுப்பட்ட பெயர்.
லேண்ட்மாஸ்டரை மாசியிலேயே
லீசிங்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.
வெட்டியது
இதே பேனைதான்.

"உதவித்தொகை பிறருக்குக் கைமாற்றப்படலாகாது."
சுற்றறிக்கை, பந்தி நான்கு.
நான் மிளகாய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இலை சுருண்டிருந்தது.
மருந்தடிக்க வேண்டும்.

"பிள்ளை, அடுத்த மாசமும் வருமோ?"
மாஸ்க்குக்குள் என்னவோ சொன்னேன்.
எனக்கே விளங்கவில்லை.
அவ
தலையாட்டினா.